களிமண் காணியில உயிர்வேலி: 30 கண்டில 19 செத்துப்போச்சு, எங்க பிழை விட்டனான்?

ஹெந்தளை_வாசி | ஜூலை 14

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளவத்தையில 14 வருசம் ப்ளட்டில இருந்திட்டு போன வருசம்தான் ஹெந்தளைப் பக்கம், ஹமில்டன் கால்வாய்க்குக் கிட்ட 9 பேர்ச் காணியில சின்ன வீடொண்டுக்கு வந்தம். மூண்டு பக்கம் மதில் இருக்கு, மற்றப் பக்கம் 42 அடிக்கு ஒண்டுமில்லை, அங்கால வீட்டுக்காரர் எங்கட குசினியில என்ன கறி எண்டு அங்க நிண்டே சொல்லுவினம். மதில் கட்ட மேசன் பாஸ் சொன்ன விலையைக் கேட்டதுக்குப் பிறகு இவர் ரெண்டு நாளா அந்தக் கதையே எடுக்கேல்லை. சரி, பச்சையா உயிர்வேலி போடுவம், வடிவாவும் இருக்கும் எண்டு நான்தான் சொன்னனான், இப்ப பேச்சு வாங்கிறதும் நான்தான்.

ஏப்ரல் கடைசியில 30 எட்டேரியா (வெள்ளைப் பூ மணக்கிற வேலிச்செடி) கண்டு வாங்கினம். நேசறிக்காரர் சொன்னபடியே ஒரு கண்டுக்கு ஒண்டரை அடி ஆழம் ஒண்டரை அடி அகலத்தில கிடங்கு வெட்டி, ஆத்து மணல், மாட்டெரு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) எல்லாம் கலந்து நிரப்பி வச்சம். வெட்ட வந்தவர் பாதியில திட்டத் தொடங்கிட்டார். மேல ஒரு அரை அடிக்கு டிப்பரில கொண்டுவந்து கொட்டின சிவப்பு மண், அதுக்குக் கீழ சாம்பலும் கறுப்பும் கலந்த களி. மண்வெட்டி பட்ட இடம் சவர்க்காரத்தை வெட்டின மாதிரி மினுங்குது, மண்வெட்டியில ஒட்டினதை வழிக்க வேற ஒரு தடி வேணும்.

மே மாசம் மழை தொடங்கி மூண்டாம் கிழமை இலை மஞ்சளாகி வாடித் தொங்கிச்சு. தண்ணி காணாதாக்கும் எண்டு மழை விட்ட நாளெல்லாம் பின்னேரம் நான் பைப்பைப் பிடிச்சன். இப்ப 19 கண்டு முடிஞ்சுது. ஒண்டைப் பிடுங்கிப் பாத்தா வேர் கறுப்பா, உருவினா தோல் கையோட வருது, கிடங்குக்குள்ள கூழ்முட்டை மணம். போன கிழமை டெங்கு பாக்க வந்த பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வெறுமையாக் கிடந்த ஒரு கிடங்குக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு "இது என்ன மிஸ், கிணறோ" எண்டு கேட்டார். எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டே தெரியேல்லை.

யாழ்ப்பாணத்தில மாமி சொல்லுறா கிளுவந்தடி அனுப்பிவிடுறன் நட்டுவிடு எண்டு. இவர் தகரம் அடிப்பம் எண்டு நிக்கிறார். இந்த மண்ணில வேலி வருமோ வராதோ, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


கல்கிசை_தாத்தா | ஜூலை 14

பிள்ளை, உம்மட கண்டு தண்ணியில தாண்டு செத்திருக்கு. நீர் பைப் பிடிச்சது எரியிற நெருப்பில எண்ணெய் விட்ட கதை, அதுக்காகக் கவலைப்படாதேயும், வாடின இலையைப் பாத்தா ஆரும் அதைத்தான் செய்வினம். வேர் அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும், ஏனெண்டா தண்ணியை உறிஞ்சிற வேர் இல்லாமப் போட்டுது.

என்ன நடந்ததெண்டா, களிக்குள்ள கிடங்கு வெட்டி அதுக்குள்ள பொருபொருத்த நல்ல மண்ணைப் போட்டீர். சுத்திவர இருக்கிற களி தண்ணியை விடாது, ஆனா பெய்யிற மழையெல்லாம் லேசான இடம் தேடி உந்தக் கிடங்குக்குள்ளதான் இறங்கும். இறங்கின தண்ணி வெளியால போக வழியில்லை. சிமெந்துத் தொட்டிக்கு ஓட்டை போடாமல் கண்டு நட்டா எப்பிடியோ அப்பிடி. நீர் 30 தொட்டி கட்டி வச்சிருக்கிறீர். கூழ்முட்டை மணம் வந்தா அந்த இடத்தில காத்தே இல்லையெண்டு அர்த்தம், வேருக்கும் மூச்சு வேணும்.

முதல்ல ரெண்டு சோதனை செய்யும், காசு செலவில்லை. ஈர மண்ணில ஒரு பிடி எடுத்து உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வச்சு நாடா மாதிரி நசுக்கி மேல தள்ளும், 2 இஞ்சிக்கு மேல அறாமல் நீண்டா அது கடும் களி. மற்றது, புதுசா ஒரு அடிக் கிடங்கொண்டு வெட்டி தண்ணி நிரப்பும், அது வத்தின பிறகு திருப்பி நிரப்பி ஒரு தடியில அளவு போட்டு மணித்தியாலத்துக்கு எவ்வளவு இறங்குதெண்டு பாரும். ஒரு இஞ்சிக்குக் குறைய எண்டா கிடங்கு வெட்டி நடுற கதையை விட்டிரும். பாத்து முடிய கிடங்கை மூட மறக்கவேண்டாம், பீ.எச்.ஐ. திரும்ப வருவார்.

எங்கட கல்கிசைப் பக்கம் உமக்கு நேர் எதிர், கடல் மணல், ஊத்தின தண்ணி ஊத்தின கையோட காணாமப் போகும். நீர் இருக்கிற பக்கம் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின்ர வால். அந்தக் கால்வாயே வெள்ளைக்காரன் 1802இல வெட்டத் தொடங்கி 1804இல முடிச்சது, சதுப்புக்குள்ள ஏறின உப்புத்தண்ணியை வடிக்கத்தான். அப்ப உம்மட அரை அடிச் சிவப்பு மண்ணுக்குக் கீழ கிடக்கிறது என்னெண்டு விளங்குதோ.

மாமியின்ர கிளுவை பற்றி. நானும் ஊரில கிளுவை வேலிக்குள்ள வளந்த ஆள்தான், ஆசை இருக்கு. ஆனா அது வறண்ட மண்ணின்ர மரம், வெயிலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பழகினது. ஹெந்தளைக் களியில குத்தினா தடி அழுகிப்போம். மாமிக்கு நன்றி சொல்லி வேற ஏதும் அனுப்பச் சொல்லும், பனங்கட்டி எண்டாலும் பரவாயில்லை.


மழைக்குருவி | ஜூலை 15

இவ்வளவு கஷ்டம் எதுக்கு. ஒரு கியூப் (நூறு கன அடி) மணல் இறக்கி களியோட நல்லா கலந்து விடுங்க, மண் லேசாயிரும். மணல் தண்ணிய விடும்தானே.


கவ்வாத்து | ஜூலை 15

வணக்கம்ங்க. நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன், இப்ப பத்து வருஷமா பத்தரமுல்லையில கார்டன் வேலை எடுத்து செஞ்சிக்கிட்டு இருக்கேன். மழைக்குருவி தம்பி சொன்னத தயவுசெஞ்சி செய்யாதீங்க அக்கா. களில கொஞ்சம் மணல் சேர்த்தா மணலுக்கு எடையில இருக்கிற சந்துலெல்லாம் களி போயி அடைச்சிக்கும், வெயில் காய்ஞ்சதும் செங்கல்லு மாதிரி ஆயிரும். பாதிக்கு மேல மணல் போட்டாத்தான் ஏதாவது மாத்தம் தெரியும். அப்புடியே போட்டாலும் அந்த தண்ணி எங்க போவும்? தாத்தா சொன்ன அதே தொட்டிதான், இப்ப 42 அடி நீளத்துல ஒரே தொட்டி. மணலோ கல்லோ போடுற எடம் கான்ல (தண்ணி ஓடுற வாய்க்கால்ல), தண்ணி வெளிய போற வழி இருந்தா மட்டும்.

எங்க தோட்டத்துல கண்டு நடுறதுக்கு முன்னாடி முதல் வேல கான் வெட்டுறதுதாங்க. எங்கப்பா கான் வெட்டுற கேங்கில இருந்தவரு. மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கொட்டாங்குச்சிய மெதக்கவிட்டு பாப்பாரு. நானும் இப்ப அப்புடித்தான் செய்றேன், வீட்டுக்காரங்க ஒரு மாதிரியா பாப்பாங்க.

உங்க எடத்துக்கு நான் செய்றதுன்னா கீழ தோண்டவே மாட்டேன், மேல ஏத்துவேன். 42 அடிக்கும் நீளமா ஒரே பண்டு (மண்ணு மேடு), அடியில 3 அடி அகலம், மேல ஒன்னரை அடி, ஒசரம் ஒன்னே கால் அடி. அதுக்கு மொத்தமா 118 கன அடி வருது, அதாவது ஒரு கியூப்ப விட கொஞ்சம் கூட. கொம்போஸ்ட்டாவே கொட்டிராதீங்க, மக்க மக்க கீழ எறங்கி அடுத்த வருஷம் பண்டு பாதியாயிரும், கண்டும் சாஞ்சிரும். மூனு பங்கு கிரவல் கல்லு இல்லாத சிவப்பு மண், ஒரு பங்கு நல்லா மக்குன கொம்போஸ்ட், அது போதும்.

இதுல எல்லாரும் விடுற பிழை ஒன்னு இருக்கு. பண்டு மண்ண அப்புடியே களி மேல கொட்டிருவாங்க. களி மேல் முகம் வழுவழுன்னு இருந்தா வேர் அதுவரைக்கும் வந்து திரும்பிரும், தண்ணியும் ரெண்டுக்கும் எடையில நிக்கும். மொதல்ல அலவாங்கால (கடப்பாரையால) அரை அடிக்கு ஒன்னுன்னு குத்தி நெம்பி விடுங்க, கட்டி கட்டியா ஒடையனும், பொடியாக்க தேவயில்ல. ஆனா மழ விட்டு அஞ்சாறு நாள் காய்ஞ்ச பெறகுதான். ஈரக் களில காலு வச்சீங்கன்னா, அதுல இருக்கிற கொஞ்ச நஞ்ச காத்தையும் நீங்களே மிதிச்சி வெளிய அனுப்புறீங்க.

ஆகஸ்ட்ல கொழும்புல மழ கொஞ்சம் விடும், அதுல பண்டு போடுங்க. செப்டம்பர் மொதல் கிழமைல நட்டா ஒக்டோபர் நவம்பர் மழைக்கு முன்னுக்கு வேர் பிடிச்சிரும். இப்ப ஜூலைல அவசரப்படாதீங்க.


ஹெந்தளை_வாசி | ஜூலை 20

தாத்தா, கவ்வாத்துத் தம்பி, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. நாடா 3 இஞ்சி வரைக்கும் வந்திச்சு, என்ர மகள் அதை வச்சு பாம்பு செய்து யன்னல்ல காயவச்சிருக்கிறா, இன்னும் உடையேல்லை. தண்ணிச் சோதனையில ஒரு மணித்தியாலத்துக்கு கால் இஞ்சிதான் இறங்கினது, அடுத்த நாள் காலமையும் அடியில தண்ணி கிடந்தது. மூடிப்போட்டன்.

இவர் பண்டுக்குச் சம்மதம். ஆனா ரெண்டு சந்தேகம். எட்டேரியாவையே திரும்ப வைக்கிறதோ வேற கண்டோ? மற்றது, கானில வாற தண்ணியை எங்க விடுறது? அங்கால வீட்டுப் பக்கம் விட்டா கறி விசாரிக்கிறது நிண்டு சண்டை தொடங்கும்.


கொலன்னாவை_வீடு | ஜூலை 20

சிஸ்டர் நான் கார்டன் தெரிஞ்ச ஆள் இல்ல, ஆனா எங்கட அனுபவம் ஒண்டு சொல்றன். எங்கட வீடு கொலன்னாவ, 2016 மே வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, நாங்க ஒரு கிழமை மாமா வீட்ட இருந்துட்டு திரும்பி வந்து பாத்தா முன்னுக்கு இருந்த குரோட்டன், ரோஸ், உம்மாட கறிவேப்பிலை மரம் எல்லாம் போயிட்டு. கேட்டுக்கு பக்கத்துல வாப்பா வச்ச வேலி மட்டும் சேத்தை பூசிக்கிட்டு அப்புடியே நின்டது. கழுவி விட்டோம், ரெண்டு மாசத்துல பழையபடி வந்துட்டு. பேர் தெரியா. இலை தடிப்பா மினுமினுப்பா கடும் பச்சை, பூ வெள்ளை, அதுக்குள்ள இருந்து ஊதா சிவப்புல நூல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், இலைய கசக்கினா ஒரு மாதிரி நாத்தம். நீர்கொழும்பு களப்பு பக்கமும் இது கிடக்குறத கண்டிருக்கன். ஆடு கூட கிட்ட போகாது. தடி வெட்டி குத்தினாலே வந்துரும், வேணும்னா ஒரு கட்டு தரலாம்.


கல்கிசை_தாத்தா | ஜூலை 21

தம்பி சொல்லுறது சங்கங்குப்பி. உப்புத்தண்ணிக் கரையிலயே நிக்கிற சாதி, சேறும் உப்பும் அதுக்குப் பெரிய காரியமில்லை. வெட்ட வெட்ட அடர்ந்து வரும், அதால வேலிக்கு நல்லது. ஒரு கூடாத குணம், வெட்டாமல் விட்டா கொடி மாதிரி இழுபட்டு எல்லா இடமும் ஓடும்.

எட்டேரியாவின்ர வாசம் எனக்கும் விருப்பம், ஆனா வேர் ஈரத்தில நிக்கிறது அதுக்குப் பிடியாது. பண்டின்ர உயரமான தலைப்பில நாலைஞ்சு வையும், இரவில மணக்கும், மிச்சத்துக்கு ஆசைப்படாதேயும். செம்பரத்தை பண்டில நல்லா வரும், அதுக்குப் பஞ்சு மாதிரி வெள்ளைப்பூச்சி பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா இலைக்குக் கீழ பாத்தாச் சரி, கொஞ்சமா இருக்கேக்க சவர்க்காரத்தண்ணி போதும். இக்ஸோராவை மதிலுக்குக் கிட்ட வைக்காதேயும், சிமெந்தில இருக்கிற சுண்ணாம்பு மண்ணுக்குள்ள இறங்கினா இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாத் தெரியும். பிறகு நீர் அதையும் தண்ணிப் பிரச்சினை எண்டு நினைப்பீர்.

என்ர எண்ணம், கான் பதிஞ்சு கிடக்கிற பக்கம் முழுக்க சங்கங்குப்பி, வீட்டு முன்பக்கம் தெரியிற ஒரு 15 அடிக்குச் செம்பரத்தை. ரெண்டையும் மாறி மாறி நடவேண்டாம், வளர்த்தி வேற வேற, வேலி பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும்.


கவ்வாத்து | ஜூலை 21

தாத்தா சொன்னது சரி. தண்ணிய பக்கத்து வீட்டுக்கு விடவே கூடாதுங்க, ரோட்டு கானுக்குத்தான். மேசன் பாஸ்மாரு லெவல் பாக்குற பைப் இருக்கே, தண்ணி நிரப்பின கண்ணாடி மாதிரி ட்யூப், அத இரவல் வாங்கி ஒரு நுனிய பின்பக்கத்துலயும் ஒரு நுனிய ரோட்டு பக்கத்துலயும் பிடிங்க. 8 அடிக்கு ஒரு இஞ்சி சரிவு இருந்தா நல்லது, உங்க 42 அடிக்கு 5 இஞ்சி. பண்டுக்கு உள்பக்கம், அதாவது உங்க வீட்டு பக்கம், முக்கால் அடி ஆழத்துல கான் வெட்டி முக்கால் இஞ்சி கல்லு போட்டு மூடிருங்க. தண்ணி வெளிய தெரியாது, நுளம்பும் முட்டை போடாது.

நடும்போது கண்ட பையிலருந்து எடுத்ததும் வேர் சுத்திச் சுத்தி வளர்ந்திருந்தா கையால பிரிச்சி விடுங்க. கண்டோட கழுத்து (தண்டும் வேரும் சேருற எடம்) மண் மட்டத்துக்கு ஒரு இஞ்சி மேல நிக்கட்டும், எறங்குறதுக்கு எடம் வேணும். ஒன்னரை அடிக்கு ஒன்னுன்னா 28 கண்டு போதும். நட்டு முடிய பண்டு மேல பொச்சு (தேங்கா மட்டை) பரப்புங்க, ஆனா கவுத்து வைங்க, நிமித்தி வச்சா ஒவ்வொரு பொச்சும் ஒரு நுளம்பு கிண்ணம். கிளிசரியா இலை கெடைச்சா அதையும் வெட்டி போடுங்க, சீக்கிரம் மக்கும். களிய மாத்துறது நாம இல்லக்கா, மண்புழுதான், அதுக்கு மேலருந்து சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்கனும். ஒரு வருஷத்துல முடியுற வேல இல்ல.

அப்புறம் கவ்வாத்து, அதாவது வெட்டி விடுறது. கண்டு புது துளிர் விட்டதும் மூனுல ஒரு பங்கு வெட்டிருங்க. மனசு கேக்காது, எல்லாரும் அழுவாங்க. ஆனா தேயிலைய சின்னதுலயே வெட்டி அடில கிளை பிரிய விட்டதாலதான் அது இடுப்பு ஒசரத்துல மேச மாதிரி நிக்குது, விட்டிருந்தா மரமா போயிருக்கும். வேலியையும் மேல மட்டும் வெட்டிக்கிட்டு போனா கீழ மொட்டையாயி காலு மட்டும் தெரியும், பக்கத்து வீட்டு பூனையும் வரும், கறி வாசமும் போவும். அடி அகலமா, மேல போகப்போக ஒடுக்கமா வெட்டனும், அப்பதான் கீழ் இலைக்கும் வெயில் படும்.


மழைக்குருவி | ஜூலை 22

சரி சரி, மணல் கதைய வாபஸ் வாங்குறேன். எங்க வீட்டு பின்பக்கம் ஏன் புல்லு கூட முளைக்கலன்னு இப்பதான் விளங்குது.


ஹெந்தளை_வாசி | நவம்பர் 23

திரும்ப வந்திருக்கிறன். ஆகஸ்டில பண்டு போட்டம், சரிவு 5 இஞ்சி வரேல்லை, 4 இஞ்சிதான், ஆனா தண்ணி போகுது. கொலன்னாவைத் தம்பி சொன்ன மாதிரியே ஒரு கட்டு தடி தந்தவர், ஒரு சதம் வாங்கேல்லை, நான் குடுத்த மிக்சர் பக்கற்றையே பெரிய பாட்டுக்குப் பிறகுதான் எடுத்தவர். மாமி உண்மையாவே பனங்கட்டி அனுப்பினவ.

ஒக்டோபர் மழைக்கு ரெண்டு தரம் முத்தமெல்லாம் வெள்ளம், குடை பிடிச்சுக்கொண்டு போய் கல்லுக் கானின்ர வாயில நிண்டு பாத்தன், சேத்துத்தண்ணி கையளவு தடிப்பில ரோட்டுக் கானுக்குள்ள விழுந்துகொண்டிருந்தது, பண்டு மட்டும் தீவு மாதிரி நிண்டது. 28இல 25 பச்சையா நிக்குது, சங்கங்குப்பி என்ர முழங்காலைத் தாண்டிட்டுது. செம்பரத்தையை வெட்டேக்க இவர் பாக்கமாட்டன் எண்டு உள்ளுக்குப் போட்டார்.

செத்தது மூண்டும் செம்பரத்தை. பயந்துகொண்டு பிடுங்கிப் பாத்தன், வேர் வெள்ளையா நல்லா இருக்கு, மணமும் இல்லை. தண்டிலதான் மண்ணுக்கு மேல ஒரு இஞ்சியில சுத்திவரத் தோல் கறண்டின மாதிரி இருக்கு. இது என்ன வியாதி?


கவ்வாத்து | நவம்பர் 23

வியாதி இல்லக்கா, நத்தை. பெரிய ஆபிரிக்க நத்தை, பொச்சுக்கு கீழதான் பகல்ல படுத்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல டோர்ச் எடுத்துக்கிட்டு போங்க, கையுறை போட்டு பொறுக்கி வாளில போடுங்க, ஒரு கிழமை விடாம செஞ்சா கொறஞ்சிரும். தண்டைச் சுத்தி ஒரு சாண் தூரத்துக்கு பொச்ச தள்ளி வைங்க. நத்தைக்குன்னு பண்டு மேல உப்பு மட்டும் தூவிராதீங்க, நத்தையோட சேர்த்து செம்பரத்தையும் போயிரும்.


ஹெந்தளை_வாசி | நவம்பர் 24

ராத்திரி போனன். 37. மகள்தான் எண்ணினவ, டோர்ச்சும் அவதான் பிடிச்சவ. சத்தம் கேட்டு அங்கால வீட்டு அன்ரி வெளியால வந்து என்ன தேடுறீங்கள் எண்டு கேட்டா, இப்ப அவவும் ஒரு வாளியோட தன்ர பக்கம் பொறுக்கிறா.